மீன் பெட்டியில் வந்த பால்

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் மீன் பெட்டியைத் திறந்தார்கள். அந்தக் கவிச்சி என்னைச் சிறுவயதின் மலையடிவாரத்துக்கே கொண்டுபோய்விட்டது.

எனக்கு டெங்கி குணமானால் மலையம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். பாசாரில் மீன் விற்கும் மாமா, பால் கெடாமலிருக்கத் தன் ஐஸ் பெட்டியிலேயே கொண்டுவந்தார். திறந்தால் பாலெல்லாம் மீன் கவிச்சி.

“நல்லா கழுவினேன்கா,” என்றார் மாமா.

“ஆத்தாளுக்கு மீன் கொழம்பா வைக்கப் போறோம்? அடுத்த வருசம் வரலாம் லா,” என்றார் அப்பா.

அம்மா அடிவாரத்து டீக்கடையில் டின் பால் வாங்கி, தண்ணீரில் கரைத்துக் குடத்தை நிரப்பினார்.

“ரொம்ப இனிக்குமேக்கா.”

“இனிக்கட்டும். புள்ள பொழைச்சிருச்சில்ல.”

வெறுங்காலோடு உச்சிவரை ஏறினார்.

போன மாதம் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் வேண்டிக்கொண்டபடி, வரும் ஞாயிறு குடத்தோடு மலையேறுகிறேன்.