இடப்பக்கம் கேட்காத ஹெட்போன்

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஸ்ரீபெரும்புதூர் என்றால் நாட்டுக்கே வேறொன்று ஞாபகம் வரும். எனக்கு இரண்டு ஹெட்போன்கள் ஞாபகம் வரும். ஒன்று கம்பெனி பஸ்ஸில் கேட்க, இன்னொன்று வீட்டில் கேட்க. இரண்டையும் நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை என்று என் மனைவி இன்றும் குத்திக் காட்டுவாள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. குன்றத்தூரில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஒற்றை அறையில் குடித்தனம். வேலை, நெடுஞ்சாலையோரத்து ஃபேக்டரி ஒன்றின் பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கும் இயந்திரத்துக்குப் பெயர்தான் பிரஸ். அப்படி ஒரு வரிசையே நின்று ஷிஃப்ட் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். நான் டெம்பரரி. பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நானும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

ஹெட்போன் யோசனை வந்ததே வீட்டுக்கார அம்மாவால்தான். என் டேப் ரிக்கார்டரில் பாட்டு வைத்தால் அவருடைய சமையல்கட்டு வரைக்கும் கேட்கிறதாம். ஒரு நாள் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"இன்னாபா, கூழ் ஊத்துற அன்னிக்கு ஸ்பீக்கர் கட்னா மாரி வெச்சிகினு கீற? கொஞ்சம் கொறச்சி வெக்கக் கூடாதா?"

நான் வைத்தது எப்போதும் வைக்கிற அளவுதான். அந்த அம்மாவுக்குப் பாம்புச் செவி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் அந்த மாதங்களில் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், புது இடம், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தாலி கட்டியதும் பெண்ணை எழுப்பி என் இடப்பக்கம் மாற்றி உட்காரவைத்தார்கள் அல்லவா, அதை அவள் வாழ்நாள் சட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்தாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும் என் இடப்பக்கம்தான்.

வீட்டுக்கு ஒன்று வாங்குவதென்று ஆனதும் பஸ்ஸுக்கும் ஒன்று வாங்க ஆசை வந்தது. வாக்மேன் ஏற்கெனவே கையில் இருந்தது, அதோடு வந்த ஹெட்போன்தான் ஒயர் அறுந்து செத்துப்போயிருந்தது. கம்பெனி பஸ்ஸில் பாட்டு இல்லாமல் போவது ஒரு தண்டனை. பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோரும் பின்சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசுவோம். பக்கத்திலிருப்பவனிடம் பேசுவதற்கு எதற்கு இந்தக் கத்தல் என்று டிரைவர் திட்டாத நாள் இல்லை. நாங்கள் சாதாரணமாகத்தான் பேசுகிறோம் என்று அவரிடமும் கத்துவோம்.

ஒரு வாராந்திர லீவு நாளில் நண்பனை அழைத்துக்கொண்டு பர்மா பஜார் போனேன். அவன் தண்டலம் பக்கத்துக் கிராமத்தான், விவசாயக் குடும்பம், எனக்கு அடுத்த பிரஸ்ஸில் நிற்பவன், என்னைப் போலவே டெம்பரரி. எந்தப் பொருளைப் பார்த்தாலும் தட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்ப்பான். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

ஹெட்போன் வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸுக்கு என்றால் எடை இருக்கக் கூடாது. தலைமேல் மெல்லிய தகடும் காதில் கறுப்பு ஸ்பாஞ்சும் இருந்தால் போதும். வெளிச் சத்தம் உள்ளே வரத்தான் செய்யும், வரட்டும், பஸ் பள்ளத்தில் இறங்கப் போவது முன்கூட்டியே தெரிய வேண்டாமா. காதுக்குள் செருகுகிற வகையும் இருந்தது, வேர்வையில் வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. வீட்டுக்கு என்றால் கதையே வேறு. காதை முழுசாக மூடுகிற, மெத்தை வைத்த பெரியது வேண்டும். உள்ளே பாடுவது வெளியே கசியக் கூடாது, வீட்டுக்கார அம்மாவின் பாம்புச் செவிக்கும் எட்டக் கூடாது. கழுத்து வலிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் பின் தடியாக இருந்தது, என் டேப்பில் நுழையாது. கன்வர்ட்டர் பின் ஒன்று தனியாகக் கேட்டு வாங்கினேன். அப்படிக் கேட்டதில் எனக்கு ஒரு பெருமை.

கடையில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டபோது இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. மறுநாள் பஸ்ஸில் மாட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் பாட்டு தெளிவாக இருந்தது, இடப்பக்கம் பக்கத்துத் தெருவில் பாடுகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டில் பெரியதை மாட்டினேன், அதிலும் இடப்பக்கம் கம்மி. ஒரே கடை, ஒரே மோசம். எனக்கு வந்த கோபத்தில் காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

மனைவியிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாரிதானேங்க கேக்குது."

"நல்லா கேளு. இடப்பக்கம் கம்மியா இல்ல?"

"இல்லீங்களே."

ஸ்டீரியோவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் சின்னதை பஸ்ஸின் பின்சீட்டில் சுற்றுக்கு விட்டேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை மாட்டிப் பார்த்தார்கள். கிராமத்துப் பஞ்சாயத்து தோற்றது. முதல் ஆள் இடப்பக்கம் கம்மி என்றான், இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னான். என் நண்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"லெஃப்ட் சைடு டம்மி மச்சான். நல்லா ஏமாத்திகிறான்."

முன்சீட்டில் இருந்த ஸ்டோர்ஸ்காரர் ஒருவர், பிரஸ் பக்கமே வராதவர், கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தானே கீது" என்றார். பின்சீட்டே சிரித்தது. பேப்பரில் நட்டு போல்ட்டு எண்ணுகிற ஆளுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று ஓட்டினோம். அத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது ஒருத்தர் பேச்சு எடுபடுமா? பாவம், அவர் இறங்குகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த லீவில் நானும் நண்பனும் கடைக்குப் போனோம். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வந்தான். கடைக்காரர் இரண்டையும் மாட்டிப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு மாட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நாங்கள் விடவில்லை. எங்கள் பிரஸ் ஷாப்பே கேட்டுவிட்டுச் சொன்னது என்று நண்பன் குரலை உயர்த்தினான். கூட்டம் கூட ஆரம்பித்தது.

கடைக்காரர் சலிப்போடு பெரியதை என் கையில் கொடுத்தார்.

"சார், திருப்பி மாட்டு. லெஃப்ட்ட ரைட்ல மாட்டு, ரைட்ட லெஃப்ட்ல மாட்டு. எது கம்மின்னு அப்பால சொல்லு."

திருப்பி மாட்டினேன். கம்மியாகக் கேட்ட பக்கம் இப்போது வலது காதில் இருந்தது. அது கணீரென்று பாடியது. நன்றாகக் கேட்ட பக்கம் இடது காதுக்கு வந்திருந்தது. அது பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது.

நான் கழற்றி நண்பனிடம் கொடுத்தேன். அவனும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை மாட்டினான். பிறகு மறுபடியும் திருப்பினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊருக்கே கேக்குது, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேக்கலியா? போங்க சார், யாவாரத்த கெடுத்துகினு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் ஒரு ஷாப்பே சேர்ந்து கூடம் கோணல் என்று சொன்னது எங்கள் கதையில்தான் நடந்திருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் யோசித்தேன். எங்கள் லைனில் தகட்டு அடுக்கு அவரவர் வலப்பக்கம் இருக்கும், இருப்பதிலேயே பெரிய பிரஸ் வரிசையின் இடது கோடியில் இருக்கும். அவரவர் பிரஸ்ஸைப் பார்த்து நின்றே தகட்டை எடுத்து எடுத்து வைப்பதால் எல்லோருடைய இடது காதும் ஷிஃப்ட் முழுக்க அந்தப் பெரிய பிரஸ்ஸைப் பார்த்தே இருக்கும். காதில் வைக்க எங்களுக்குக் கொடுத்தது பஞ்சு, அதுவும் கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுக்கார அம்மாவுக்குப் பாம்புச் செவியெல்லாம் இல்லை என்பது பூந்தமல்லி தாண்டும்போது எனக்குப் புரிந்தது.

இறங்குவதற்கு முன் நண்பன் என் வலப்பக்கம் வந்து நின்று சொன்னான். "மச்சான், இத யார்கிட்டயும் சொல்லிடாத. பெர்மனென்ட்டுக்கு மெடிக்கல் வருது. அன்ஃபிட்னு எய்திட்டான்னா மறுபடியும் ஏர் புடிக்க வேண்டிதுதான்."

பின்சீட்டில் கேட்டவர்களிடம் கடைக்காரன் மாற்றித்தர மாட்டேன் என்றுவிட்டான் என்று சொன்னோம். எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். அவர்களுடைய காதைப் பற்றி அவர்களிடம் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் இல்லை. சொல்லியிருந்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான், எங்களையே ஓட்டியிருப்பார்கள்.

சூப்பர்வைசர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் மஞ்சள் நிறத்தில், நல்ல கனமான, மெத்தை வைத்த காதுமூடிகள் தொங்கும். பார்க்க நான் வீட்டுக்கு வாங்கிய ஹெட்போன் மாதிரியே இருக்கும், ஒயர் மட்டும் இருக்காது. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் ஷாப்பைச் சுற்றிப் பார்க்க வந்தால் அவர்களுக்கு மாட்டிவிடுவார்கள். ஒரு ரவுண்டு வந்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், உடனே துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். நாங்களும் அதை வேடிக்கை பார்த்திருக்கிறோமே ஒழிய, அது காதுக்காகத்தான் இருக்கிறது என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரம் நான் போய்க் கேட்டேன். "சார், அந்தக் காதுமூடி ஒண்ணு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? காது கேக்கலையா?"

"கேக்குது சார்."

"கேக்குதுல்ல. அப்புறம் எதுக்கு?"

கேட்காதவனுக்கு அங்கே வேலை கிடையாது, கேட்கிறவனுக்குக் காதுமூடி கிடையாது. இதைவிடச் சுருக்கமாக ஒரு கம்பெனி சட்டத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து என் இடத்தில் நின்று தகட்டை எடுத்து வைத்தேன்.

மெடிக்கல் வந்தது. டாக்டரின் நாற்காலி எனக்கு வலப்பக்கம் போடப்பட்டிருந்தது, அது என் அதிர்ஷ்டம். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், இரண்டுக்கும் பதில் சொன்னேன். காது நார்மல் என்று எழுதிவிட்டார். நண்பனும் தேறிவிட்டான். இரண்டு பேரும் பெர்மனென்ட் ஆனோம், பஸ்ஸில் மைசூர்பாகு கொடுத்தோம்.

மிச்சம் இருந்த மைசூர்பாகோடு வீட்டுக்குப் போனேன். மனைவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். எனக்கோ யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன். ஹெட்போனில் கோளாறே இல்லை, இந்தப் பக்கத்துக் காதுதான் போய்விட்டது, மெதுவாகப் பேசினால் ஒன்றுமே விழுவதில்லை என்றேன்.

அவள் எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் பேசுனது எதுவுமே உங்களுக்குக் கேக்கலியா?"

"நீ எங்க பேசுன?"

"பேசிகினுதான் இருந்தேன். மலைக் கோயிலுக்குப் போலாமான்னு கேட்டேன், பதில் இல்ல. எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரட்டான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல. என்னைப் புடிக்காமதான் கட்டிகினீங்கன்னு நெனச்சிகினேன். பாட்டு கேக்கற ஆளுக்கு நான் பேசறது மட்டும் கேக்காம பூடுமான்னு நெனச்சேன். அப்பால ஒரு நாளு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்..."

நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு நாளு இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. அத்த வுடுங்க."

அழவெல்லாம் இல்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்கப்புறம் அவள் என் இடப்பக்கம் வந்ததே இல்லை. குன்றத்தூர் மலைக்கு ஒரு கிருத்திகைக்குப் போனபோது கூட வந்த வீட்டுக்கார அம்மா கவனித்துவிட்டார். "ஏம்மா, புருசனுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னுகூட உங்க வூட்ல சொல்லித் தரலியா?" என்று சன்னிதியிலேயே கேட்டார். உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், கம்பெனி வரைக்கும் போகும் என்று என் மனைவிக்குத் தெரியும். "மறந்துட்டேம்மா" என்று சொல்லி, பெற்றவர்களுக்கு விழுந்த பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு என் வலப்பக்கமே நின்றாள்.

இரண்டு ஹெட்போனையும் வெகு நாள் வைத்திருந்தேன். ஒரு குறையும் இல்லாத சரக்கு. இப்போதெல்லாம் ஒரகடம் போகிற பஸ்களில் பிள்ளைகள் ஒயரே இல்லாமல் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். எந்த ஷாப், எந்தப் பக்கம் மெஷின் என்று கேட்க வாய் வரும், கேட்கமாட்டேன்.

வலது காது இன்னும் நன்றாகவே இருக்கிறது. அந்த ஒரு நாள் என்ன சொன்னாய் என்று மனைவியிடம் அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

"அது அப்பவே சொல்லியாச்சி" என்கிறாள்.