ஒரு ரோலுக்கு இரண்டு பங்காளி

“நான் எவனைப் பார்த்தும் பொறாமைப்பட்டதே கிடையாது மச்சான். பொறாமைப்படணும்னா நமக்கு மேல எவனாச்சும் இருக்கணும்ல?”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த அறிவிப்பு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஜ்ஜிக் கடை வாசலில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் பிளஸ் ஒன் மாணவர் உதயா. வாய் நிறைய வாழைக்காய் பஜ்ஜி இருந்ததால் ‘பொறாமை’ என்ற சொல் மட்டும் கொஞ்சம் மெத்தென்று வந்தது. மற்றதெல்லாம் தெளிவாகவே கேட்டது. கேட்டவன் அவருடைய பெஞ்ச்மேட் எபி. அவன் அப்போது உதயாவின் தட்டிலிருந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டிருந்தான்.

“கரெக்டு மச்சான்,” என்று ஒப்புக்கொண்டான். “சட்னி வேணாமா உனக்கு?”

அன்னாரின் வாழ்க்கையை முறைப்படி சொல்லிவிடுவது நல்லது. உதயா பிறந்தது இரும்புலியூரில். அவருடைய முன்னோர் நெல் போட்ட இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாசலில் தாத்தாவின் பெயரைப் போட்டு ‘துளசிங்கம் என்கிளேவ்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு எதுவும் தெருவில் இரண்டாவதாக வந்ததில்லை. கியர் வைத்த சைக்கிள் முதலில் வந்தது அவருக்குத்தான். அடுத்த தெருவில் ஒருவன் அதைவிட உயரமான சைக்கிள் வாங்கிய வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வைரஸ் என்று டாக்டரே சொன்னார். அந்த வாரம் ஊரில் வேறு யாருக்கும் அந்த வைரஸ் வரவில்லை என்பதைப் பொறாமையோடு முடிச்சுப் போடுவது அறிவியலுக்கு விரோதம்.

இப்படிப்பட்டவரின் வாழ்வில் புகைப்படக் கலை குறுக்கிட்டது. பள்ளியில் அதை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். முதல் பருவம் டிஜிட்டல், இரண்டாம் பருவம் ஃபிலிம். நடத்தும் பொறுப்பு கம்ப்யூட்டர் டீச்சர் ஜோசலின் மிஸ்ஸின் தலையில் விழுந்தது. இரண்டிலும் பட்டன் இருக்கிறதே என்று நிர்வாகம் யோசித்திருக்கும்.

சேதி தெரிந்ததும் உதயாவின் அப்பா மோகன்ராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கிளாஸ்ல எத்தினி பசங்க சொந்தமா கேமரா வச்சிக்கினு இருக்கானுங்க?”

“யாரும் இல்லப்பா.”

“அப்போ வாங்கிடலாம்.”

கடையில் போய் நின்றதும் அவர் மெகாபிக்சல் பற்றியெல்லாம் விசாரிக்கவில்லை. “இத்தவிட நீட்டா லென்ஸ் இன்னா கீது?” என்றுதான் கேட்டார். அவர்கள் கொடுத்த லென்ஸைக் கழுத்தில் மாட்டினால் தலை தானாகக் குனிந்தது. உதயா பணிவான பிள்ளையாகத் தோற்றமளித்த ஒரே காலம் அதுதான்.

உழைப்பாளி அவர். ஒரு காக்காய்க்கு ஒரு மெமரி கார்டு என்று எடுத்துத் தள்ளினார். கடைசியில் காக்காய்தான் சலித்துப்போய் இடம் மாறியது.

எபியிடம் இருந்தது அவன் அம்மாவின் பழைய போன். திரையில் கோணல்மாணலாக விரிசல். உழைப்பு என்று எதுவும் கிடையாது. வகுப்புக்குத் தாமதமாக வருவான்; பேனா, சீப்பு, குடிதண்ணீர் எல்லாம் உதயாவிடமே வாங்கிக்கொள்வான்; விளக்கை அணைத்துப் படம் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு மழை நாளில் வகுப்பறை ஜன்னல் கம்பியில் பசங்கள் காயப்போட்டிருந்த சாக்ஸ்களைப் படம் எடுத்தான்.

“எபி, இந்தப் படம் பேசுதுடா!” என்றார் மிஸ்.

“சாக்ஸ் எப்பிடி மிஸ் பேசும்?” என்று உதயா எழுந்து கேட்டார். ஐயம் கேட்பது மாணவரின் கடமை.

“நாத்தமே பேசும் மச்சான்,” என்றான் எபி. வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் உதயா வீட்டிலிருந்த சாக்ஸ்கள் அனைத்தையும் நனைத்து பால்கனியில் வரிசையாகக் கட்டி, பெரிய கேமராவால் படம் எடுத்தார். ஒவ்வொரு நூலும் தெரிந்தது. ஆனால் அந்த சாக்ஸ்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல விலைக்கு வாங்கியவை; கண்டவர்களோடு பேசாத ரகம்.

இரண்டாம் பருவம் வந்தது. பள்ளியின் ஃபிலிம் கேமராக்கள் பயாலஜி லேபில் பாட்டிலில் மிதக்கும் பாம்புக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் துடைத்து எடுத்த மிஸ், ஃபிலிம் விற்கிற விலையில் பெஞ்சுக்கு ஒரு கேமரா, ஒரு ரோல்தான் என்றார். ஒருவர் முன்பாதி, மற்றவர் பின்பாதி. ரோலைச் சென்னைக்குள் ஒரு லேபுக்கு அனுப்பிக் கழுவி வாங்கிக்கொள்ளலாம்.

“எல்லாத்துலயும் நல்லதா ஒரு படத்தைத் தாளாளர் சார் தேர்ந்தெடுப்பாரு. அதைப் பெருசாக்கி, ஃபிரேம் போட்டு, ஆபீஸ் ரூமுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டப் போறோம். கீழ எடுத்தவங்க பேரு இருக்கும். நீங்க படிச்சு முடிச்சுப் போனாலும் அது அங்கயேதான் இருக்கும்.”

உதயா அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தார். நல்ல சுவர். வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்த்தே ஆகவேண்டிய சுவர். வீட்டில் சொன்னதும் மோகன்ராஜ் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, “பையன் படத்த ஸ்கூல்ல மாட்றாங்க, டேட்டு அப்புறம் சொல்றேன்,” என்று சொல்லிவைத்தார். படம்தான் இன்னும் எடுக்கப்படவில்லை. அது சின்ன விஷயம்.

“முதல்ல நீ எடு மச்சான்,” என்று எபியிடம் கேமராவைக் கொடுத்தார் உதயா. பெருந்தன்மை. எபி எதை எடுக்கிறான் என்று தெரிந்துகொண்டு அதைவிடப் பெரிதாக எடுக்கலாம் என்ற எண்ணமும் அந்தப் பெருந்தன்மைக்குள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

மறுநாளே எபி கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

“முடிச்சிட்டேன் மச்சான்.”

“அதுக்குள்ளயா? என்னடா எடுத்த?”

“என்னென்னமோ. ஆனா ஒண்ணு செமையா வந்துருக்கும்னு தோணுது.”

“எது?”

“சொல்ல மாட்டேனே! கழுவி வரட்டும், பாரு.”

இந்த ‘ஒண்ணு’ உதயாவின் உடம்புக்குள் போய்க் குடியேறியது. சாப்பிடும்போது அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அதை முந்தியே ஆக வேண்டும். அப்பாவின் காரில் சிறுசேரி போனார். கண்ணாடிக் கட்டடத்தில் மேகம் தெரிவதை எடுத்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி ஓடிவந்தார்.

“தம்பி, இங்கல்லாம் போட்டோ எடுக்கக் கூடாதுப்பா.”

“வானத்தத்தான் எடுக்கறேன் சார்.”

“வானமும் கேம்பஸுக்குள்ளதான் வருது. கெளம்பு.”

காரிலிருந்து மோகன்ராஜ் கண்ணாடியை இறக்கினார். “இன்னாபா பேஜார் பண்றே? புள்ள பரீட்சைக்கு எடுக்குது!” இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே உதயா இன்னும் சில படங்களை முடித்துவிட்டார். பிறகு பெரும்பாக்கம் பக்கம் போய், தேங்கிய நீரில் நின்ற நாரையை எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் முதலில் டிஜிட்டலில் எடுத்துச் சரிபார்த்து, அதே அளவுகளை ஃபிலிம் கேமராவில் வைத்தார். நாரைகூட ஒத்துழைத்தது. இனி அந்தச் சுவர் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘ஒண்ணு’?

ஞாயிற்றுக்கிழமை மதியம். ரோலைப் பின்னோக்கிச் சுற்றி வைத்துவிட வேண்டியதுதான் பாக்கி. கேமரா கட்டில்மேல் இருந்தது. அதற்குள் எபியின் படம் இருந்தது. கேமரா என்றால் பின்பக்கம் பார்த்தால் படம் தெரியும். பிறந்ததிலிருந்து உதயா கண்டது அதுதான். ஃபிலிமைக் கழுவும்வரை ஒன்றும் தெரியாது, மூடியைத் திறக்கவே கூடாது என்று மிஸ் ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தார். அந்த வகுப்பில் எபி தூங்கினான். எபி தூங்குவதை மிஸ் கவனிக்கிறாரா என்று கவனிப்பதில் உதயாவின் நேரம் போய்விட்டது.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சும்மா ஒரு கண்சிமிட்டல்தான். ஆராய்ச்சி மனப்பான்மை. மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பாக ஒரு சுருள் பளபளத்தது. படம் எதுவும் இல்லை. திரையின் இடுக்கில் இரும்புலியூர் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. சட்டென்று மூடினார். ஒன்றும் நடக்கவில்லை, சத்தம்கூட வரவில்லை. ரோலைச் சுற்றி முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

லேபிலிருந்து பிரிண்ட் வந்த அன்று ஜோசலின் மிஸ் அவர்களுடைய உறையைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். எபியின் பாதி வந்திருந்தது. உதயாவின் பாதி வெள்ளையாக இருந்தது. சிறுசேரி வெள்ளை. மேகம் வெள்ளை. பெரும்பாக்கம் வெள்ளை. நாரையும் வெள்ளை, அது மட்டும் ஓரளவு இயற்கைக்குப் பொருந்தியது.

“யாரோ மூடியத் தொறந்துருக்கீங்க,” என்றார் மிஸ். “கடைசியா எடுத்தது சுருள்ல வெளிப்பக்கம் இருக்கும். வெளிச்சம் பட்டா அதுதான் முதல்ல போகும். முன்னாடி எடுத்தது உள்ள அடங்கியிருந்ததால தப்பிச்சிருக்கு. உதயா?”

“நான் இல்ல மிஸ். கேமரா பழசு. தானா தொறந்துக்கிட்டிருக்கும்.”

“ஆமா மிஸ், ரொம்பப் பழசு மிஸ்,” என்று யாரும் கேட்காமலே எபி சாட்சி சொன்னான். உதயாவுக்கு அன்றைய அடிகளில் அதுதான் பலமாக விழுந்தது.

எபியின் அந்த ‘ஒண்ணு’ மேசை நடுவில் கிடந்தது. அவன் அம்மா சாராள், இன்னொரு பள்ளியில் டீச்சர், ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். இடுப்பில் விடைத்தாள் கட்டு, வாயில் சிவப்புப் பேனா. நிற்காமல் போகிற பஸ்ஸை ஒரு கை நீட்டி மிரட்டுகிறார். பஸ் தப்பு செய்த பையனைப் போல விலகி ஓடுகிறது. படத்தின் மேல் ஓரத்திலிருந்து செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் இறங்கி டீச்சரின் தலைமேல் விழுந்திருக்கிறது.

“மிஸ், அன்னிக்கு மழை வர்ற மாதிரி மோடமா இருந்துச்சு,” என்றான் எபி. “இந்த வெயில் எங்கேருந்து மிஸ் வந்துச்சு?”

மிஸ் உதயாவைப் பார்த்தார். உதயா மின்விசிறியைப் பார்த்தார்.

தாளாளர் வந்தார். மேசைகளைச் சுற்றி வந்தவர் சாராள் டீச்சர் முன்னால் நின்றுவிட்டார்.

“ஆகா! அந்த வெளிச்சத்தப் பாருங்க! எவ்வளவு நேரம் காத்திருந்து புடிச்சிருக்கணும்! எப்படிப்பா எடுத்த?”

“தெரியல சார்.”

“அடக்கத்தப் பாருங்க!”

மிஸ் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். தாளாளர் வியந்துகொண்டிருக்கும்போது குறுக்கிடுவது அந்தப் பள்ளியில் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

உதயாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த வெளிச்சம் அவருடையது! அவர் வீட்டு ஜன்னல், அவர் சரியாக மூடாமல் விட்ட இடுக்கு, அவர் ஊர் வெயில். உரிமை கோரினால் சுவரில் பாதிப் பெயராவது கிடைக்கலாம். கோரவேண்டுமானால் மூடியைத் திறந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் திறந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

“சார், அந்த வெளிச்சம்...” என்று ஆரம்பித்தார்.

“என்னப்பா?”

“...நல்லாருக்கு சார்.”

“நல்ல ஃபிரெண்டு!” என்று தாளாளர் அவர் முதுகில் தட்டினார்.

வீட்டில் மோகன்ராஜ் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். “அந்தப் பையன் கேமரா இன்னாடா மாடலு? அதையே வாங்கிடலாம்.”

“நானும் அதே கேமராலதான்பா எடுத்தேன்.”

மோகன்ராஜின் வாழ்க்கையில் வாங்குவதற்கு எதுவும் இல்லாத முதல் சாயங்காலம் அது. டிவியைப் போட்டுக்கொண்டார்.

படத்தை மாட்டிய அன்று எபி ஓடிவந்தான். தலையைச் சீவியிருந்தான், சீப்பு உதயாவுடையது.

“மச்சான், உன் பெரிய கேமரால என்னையும் படத்தையும் சேத்து ஒண்ணு எடுடா. அம்மா அவங்க ஸ்டாஃப் குரூப்ல போடணுமாம். நீ எடுத்தாதான் கிளியரா இருக்கும்.”

எபி சுவரருகே போய் நிமிர்ந்து நின்றான். தலைக்கு மேலே அவன் அம்மா. காலுக்குக் கீழே காலி தரை. உதயா பின்னால் போனார், இன்னும் கொஞ்சம் போனார். பக்கத்துத் தூணில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரும் கேமராவின் பார்வைக்குள் வந்தது. லென்ஸின் ஓரத்தில் இருந்த சின்ன விசையை ஆட்டோ ஃபோகஸிலிருந்து மாற்றினார். வளையத்தை மெதுவாகத் திருப்பினார். ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

“நல்லா வந்துருக்கா மச்சான்?” என்று எபி இடத்தைவிட்டு நகராமலே கத்தினான்.

உதயா திரையைப் பார்த்தார். சிலிண்டரின் சிவப்பு, அதன் குழாய், ஒட்டியிருந்த சீட்டின் காலாவதித் தேதி எல்லாம் துல்லியமாக இருந்தன. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மங்கலான சட்டமும், அதற்குக் கீழே சட்டை போட்ட பனிமூட்டம் ஒன்றும் தெரிந்தன.

“செமையா வந்துருக்கு மச்சான்,” என்றார் உதயா. கேமராவை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினார்.