முட்டுப் பிரிக்கும் நாளின் இட்லி

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து பெங்களூரில் வீடு கட்டுகிறது. கட்டிய கூரைக்குக் கீழே உட்கார்ந்து இட்லியும் தின்கிறது.

தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தவர். அவர் தனியாக எடுத்துக் கட்டிய முதல் வீட்டின் சொந்தக்காரர் அதுவரை ஓட்டு வீட்டில் இருந்தவர். தலைக்கு மேலே அவ்வளவு கான்கிரீட் கனத்தை ஏற்றிவிட்டு, அதைத் தாங்கும் முட்டுகளை எடுத்துவிடுவார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. முட்டுப் பிரிக்கிற அன்று குடும்பத்தோடு தெருவில் போய் நின்றுகொண்டாராம். தாத்தா கூரைக்கு நடுவே நாற்காலியைப் போட்டு, டிஃபன் பொட்டலத்தைப் பிரித்து, "நான் சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள எல்லாத்தையும் தட்டிடுங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னாராம். கூரை நின்றது. அன்றிலிருந்து முட்டுப் பிரித்தால் எங்கள் வீட்டாள் ஒருவர் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது.

தாத்தாவுக்குப் பின் உட்கார்ந்த அப்பா, சாப்பிட்டபடியே செய்தித்தாளும் படிப்பார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஒருநாள் நான் பார்த்துவிட்டேன், வெளியே சொல்லவில்லை. அவருக்கு நான் ஒரே மகள். அவருக்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நான்தான் உட்கார்ந்தேன். முதல் விள்ளலை வாயில் வைத்தால், கடைசி முட்டு விழும்வரை அது தொண்டையில் இறங்காது. வைட்ஃபீல்டில் ஒரு வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது, இன்னொரு தடவை உட்காருங்கள் என்றார். முட்டெல்லாம் போனபின் சாப்பிட்டது அந்த ஒரு முறைதான். சட்னியில் உப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகன் சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டுப் போன வருடம் எங்கள் கம்பெனிக்கு வந்தான். வந்ததும் முதல் வேலையாக இந்த வழக்கத்தை நிறுத்தினான். முட்டுப் பிரிக்கும்போது கீழே ஓர் ஆள்கூட நிற்கக்கூடாது என்பதுதான் பாடத்திலேயே இருக்கிறதாம். அடுத்து உட்கார வேண்டியவன் அவன்தான் என்பதால் நான் உடனே சம்மதித்தேன்.

அவன் சொந்தமாக வரைந்த முதல் வீடு லிங்கராஜபுரத்தில். முன்புறம் கார் நிறுத்த, தூணே இல்லாமல் எட்டடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூரை. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற கன்னட டீச்சர். தன் அண்ணன் வீட்டுக்கூரைக்குக் கீழே என் அப்பா சாப்பிட்டதைச் சின்ன வயதில் பார்த்ததால்தான் எங்களிடம் வந்தவர். யாரும் உட்காரப் போவதில்லை என்றதும் முகம் சுருங்கியது. மகன் கான்கிரீட்டைச் சோதித்த ரிப்போர்ட்டுகளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினான். சரி என்றார்.

எனக்குத்தான் சரிப்படவில்லை. இப்படித் தூணில்லாமல் நீட்டிய கூரை நாங்கள் போட்டதே இல்லை. அப்பா காலத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஓரத்தில் திருகு வைத்த இரும்பு முட்டு, ஜாக்கி, ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். முன்னால் பலகைகளை அடுக்கிவிட்டால் தெரியாது என்றேன்.

"தம்பி கேட்டா?"

"கேக்க மாட்டான்."

மறுநாள் காலை நுனியிலிருந்து சுவர்ப் பக்கமாக ஒவ்வொரு முட்டாகக் கழன்று வந்தது. கூரை அசையவில்லை. மகன் பக்கத்து சைட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். டீச்சர் மெதுவாகச் சுற்றிவந்து, பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இது ஏனம்மா இங்க?" என்று என்னைக் கேட்டார்.

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான்.

கட்டினவர்களுக்கே தைரியம் இல்லாத கூரை தனக்கு வேண்டாம், முன்னால் ஒரு தூண் போட்டுவிடுங்கள் என்றார் டீச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் போட்ட முதல் கூரைக்கு நானே ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

மகன் கத்தவில்லை. தெருமுனை ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கிவரச் சொன்னான். நான் உட்காருகிறேன் என்றேன்.

"நீ உக்காந்தா அது உன் கூரை. இது என்னுது. நீ ஜாக்கியக் கழட்டு."

"உனக்குப் பழக்கமில்லடா."

"ஏற்கெனவே உக்காந்தவன்தான். உன் வயித்துல."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கூரையின் நுனிக்கடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஜாக்கியின் திருகு இரண்டு தடவை என் கையிலிருந்து வழுக்கியது. மூன்றாவது தடவை சுழன்றது. ஜாக்கிக்கும் கூரைக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது. அது அப்படியே இருந்தது. மகன் இரண்டாவது இட்லியை எடுத்தான்.

டீச்சர் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அவன் பக்கத்தில் போட்டார். வடை இல்லையா என்று கேட்டார். நான் கழற்றிய ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றேன். அதை என்னிடமிருந்து வாங்கி வைக்க மேஸ்திரிக்கு வெகுநேரம் ஆயிற்று.

இப்போது எங்கள் எல்லா சைட்டிலும் ஒரு பலகை தொங்குகிறது. எஞ்சினியரைக் கேட்காமல் யாரும் எந்த முட்டும் எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது என்று மகன் எழுதியது. நான் போய் இறங்கினால் மேஸ்திரி அதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். 'வைக்கவும் கூடாது' என்ற கடைசிப் பாதி எனக்காக எழுதியது என்று ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.