ஃபிலிம் கேட்ட அரை மணி நேரம்

என் பொண்ணுக்கு அப்போ நாலு வயசு. ஆம்பூர்ல ஒரு சின்ன கிளினிக்ல மூணு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கல. மூச்சு எறைக்க ஆரம்பிச்சதும் வேலூருக்கு எடுத்துட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. ஷூ கம்பெனி கோட்டைக்கூடக் கழட்டாம ஆம்புலன்ஸ்ல ஏறினவ நான். ஐசியூவுல ஒரு இடத்துல நிக்கல. கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்துகிட்டே இருந்தேன். ஒக்காருங்கம்மான்னு சொல்லிச் சொல்லி நர்ஸே அலுத்துப் போய்ட்டாங்க.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க வந்து, புள்ள நெஞ்சுல ஜெல்லைத் தடவி, விலா மேல ஸ்கேனை வெச்சு வெச்சுப் பாத்தாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

"இன்னாம்மா இது? மாசமா இருக்கறவங்க வயித்துல வெக்கிறத கொண்டாந்து புள்ள நெஞ்சுல வெக்கறீங்க?"

அவங்க கோச்சுக்கல. "நுரையீரலைச் சுத்தி சீழ்த்தண்ணி நிக்குதும்மா. ஒரு ட்யூப் போட்டு சீக்கிரம் எடுக்கணும். இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க."

நான் போடல. பயம் வந்தா எனக்குக் கோவமாத்தான் வரும்.

என் வேலையும் அப்படி. கம்பெனியில நான் செக்கிங் டேபிள். தோலை ட்யூப் லைட்டுக்கு நேரா புடிச்சுத் திருப்பிப் பாக்காம ஒரு பீஸ்கூட பாஸ் பண்ண மாட்டேன். கீறல், உண்ணி கடிச்ச தழும்பு எல்லாம் அப்பதான் தெரியும். சூப்பர்வைசரே சொன்னாலும் சரி, என் கண்ணு பாக்கணும். எங்க பக்கம் டாக்டரை மாத்தினாக்கூட எக்ஸ்ரே கவரைக் கக்கத்துல வெச்சுகிட்டுத்தான் போவோம். இந்த ஸ்கேன்ல சாம்பல் கலர்ல இன்னாவோ ஆடுது, கைய எடுத்தா அதுவும் போச்சு. இதை நம்பிப் புள்ள விலாவுல ஓட்டை போடறதா?

"எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமை என் கையில குடுங்க. அப்புறம் போடறேன்."

"அதுக்கு அவளைத் தூக்கணும்மா. இப்ப தாங்க மாட்டா."

"எடுங்க."

மெஷினைத் தள்ளிகிட்டு வந்தாங்க. ரெண்டு பேர் புள்ளையைத் தூக்கி முதுகுக்கு அடியில எக்ஸ்ரே தட்டை வெச்சாங்க. என் கண்ணு முன்னாடியே உதடு நீலமாச்சு. மானிட்டர் கத்துது. டாக்டரம்மா புள்ள மூஞ்சில ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் புடிச்சுகிட்டே என்னை ஒரு பார்வை பாத்தாங்க. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

ஃபிலிம் வந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சேன். வலப்பக்கம் முழுக்க வெள்ளை. பத்து வருஷமா தோலைப் பாத்த கண்ணுக்கு ஒரு எழவும் புரியல.

"வெள்ளையாத்தான்மா இது காட்டும்"னாங்க டாக்டரம்மா. "கட்டிப்போன சளியா தண்ணியான்னு இதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. தண்ணின்னு காட்டினது அந்த ஸ்கேன்தான்."

கையெழுத்துப் போட்டேன். ட்யூப் போட்டதும் பாட்டில்ல மஞ்சளா இறங்கிச்சு. சாயங்காலத்துக்குள்ள மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் தெனம் ஸ்கேன் வெச்சாங்க. நானே புள்ள சட்டையைத் தூக்கிப் புடிச்சேன்.

நாலாம் நாள் மாஸ்க்கை எடுத்தாங்க. "இன்னா வேணும் சொல்லு செல்லம், அம்மா வாங்கித் தர்றேன்"னேன்.

என் கோட்டு நுனியைப் புடிச்சுகிட்டு, கம்மிப்போன குரல்ல சொன்னா: "இனிமே என்னைத் தூக்கச் சொல்லாதம்மா."