உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

உப்பளத்தில் வேலை செய்கிறவள் கையில் இருக்கும் போன் கொதித்தால், அது வெயிலின் வேலையா, வேறு எதன் வேலையா? போன வருஷம் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. தங்கத்தாய்க்கும் தெரியவில்லை.

தங்கத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. மாப்பிள்ளையூரணியில் வீடு. இருபது வருஷமாக உப்பு வாருகிறாள். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் உப்புக்காற்று. மிக்ஸி நின்றால் உப்புக்காற்று. டிவியில் கோடு விழுந்தாலும் அதுதான். அவளும் அப்படியே சொல்லிப் பழகியவள்.

அடுத்த வீட்டு ஹென்றி தோணியில் வேலை பார்க்கிறார். சிமெண்டும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டில் இருக்கும் ஒரே போனும் அவரோடு கடலுக்குப் போய்விடும். மகள் ஈவாஞ்சலின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, அதனால்தான் தங்கத்தாயின் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள்.

“யக்கா, சர்ட்டிபிகேட்டோட என்னைக்கு வரணும்னு மெசேஜ் வருமாம். பாத்துக்கிடுங்க. நான் கடல்ல கெடப்பேன்” என்றார் ஹென்றி.

“இதெல்லாம் சொல்லணுமா தம்பி? போனு என் இடுப்புலதான கெடக்கு.”

அவர் போய்ப் பத்து நாள் இருக்கும். கயத்தாற்றில் இருக்கும் சொந்தக்காரன் லிங்கராஜ் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தங்கத்தாய் அதைத் தொட்டாள். போன் என்னென்னவோ அனுமதி கேட்டது. பத்திரிகை கொடுத்தவனிடம் கேள்வி கேட்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. கேட்டதற்கெல்லாம் ‘சரி’யை அழுத்தினாள். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை.

“லிங்கராஜ் பயலுக்கு ஒண்ணு ஒழுங்கா அனுப்பத் தெரியுதா” என்று திட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

அதற்கப்புறம் போன் சுட ஆரம்பித்தது. சும்மா கிடக்கும்போதும் சுட்டது. காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் மதியச் சோற்றுக்குள் தீர்ந்தது. போனில் வீடியோ பார்க்கும் பேரன் அதைத் தொடாத நாளிலும் பத்து மணிக்கே நெட் காலியானது. “என்னளா, போனை வச்சு இட்லி அவிக்கியா?” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். “எல்லாம் உப்புக்காத்துளா” என்றாள்.

சாத்தான்குளத்திலிருந்து தங்கை பேச்சிச்செல்வி கூப்பிட்டாள்.

“ஏக்கா, யாருக்குக் கல்யாணம்? பத்திரிகை அனுப்பிருக்க, தொறக்கவே மாட்டேங்கு.”

“நான் எங்க அனுப்புனேன்?”

“ஒன் நம்பர்லருந்துதான் வந்திருக்கு. அத்தானுக்கு ரெண்டாங் கல்யாணமா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கை தவறிப் பட்டிருக்கும் என்று தங்கத்தாய் நினைத்துக்கொண்டாள். போன் தெரியாதவள் என்று பேர் வாங்க வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் தவறாமல் ஈவாஞ்சலின் வந்து நிற்பாள். “மெசேஜ் வந்திச்சா அத்தை?”

“இல்லளா. வந்தா ஓடி வந்து சொல்ல மாட்டனா?”

போனில் கேஸ் சிலிண்டர் மெசேஜ்கூட வந்து நாளாகிவிட்டது என்பது அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, ஈவாஞ்சலினோடு படித்த ஜாஸ்லின் தேடி வந்தாள். “ஏளா, திங்கக்கிழமை நர்சிங் சேர்க்கை ஆபீசுக்கு நீ ஏன் வரல? ஒன் பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க!”

ஈவாஞ்சலின் அழவில்லை. தங்கத்தாயின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை தாங்காமல் மறுநாள் வேலைக்குப் போகாமல் நேசக்குமாரின் செல்போன் கடைக்குப் போனாள் தங்கத்தாய்.

நேசக்குமார் தன் போனிலிருந்து அவள் நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். போய்ச் சேர்ந்ததாக அவன் போன் காட்டியது. அவள் போனில் ஒன்றுமே இல்லை. செட்டிங்கைத் திறந்து, பேரும் படமும் இல்லாமல் ஒளிந்திருந்த ஒரு ஆப்பைக் காட்டினான்.

“வார மெசேஜை எல்லாம் இது முழுங்கிருதுக்கா. போனு சுட்டுதா?”

“சுட்டுது.”

“சார்ஜ், நெட்டு நிக்கலையா?”

“நிக்கல.”

“ஒங்க பேர்ல யாருக்கும் எதுவும் போச்சா?”

தங்கை சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. “தங்கச்சிக்குக் கல்யாணப் பத்திரிகை போச்சு” என்றாள்.

“அந்தப் பத்திரிகை பைல்தான்க்கா இந்த ஆப்பு. இவ்வளவும் தெரிஞ்சிருக்கு. ஒரு எட்டு வந்து காட்டியிருந்தா அஞ்சு நிமிஷ வேலக்கா” என்றான் நேசக்குமார். நெட்டை அணைத்தான். பணம் போய்விடாமல் இருக்க பேங்கில் சொல்லிவிடச் சொன்னான். பத்திரிகை யார் யாருக்குப் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போனில் இருந்ததை எல்லாம் அழித்துப் புதுசாக்கிக் கொடுத்தான்.

சனிக்கிழமை ஹென்றி கரைக்கு வந்தார். வாசலில் நின்று கத்தினார். “மெசேஜே அனுப்பாம பிள்ளையை ஏமாத்திட்டானுவ. நாளைக்கழிச்சு ஆபீஸ்ல போயி நாலு வார்த்த கேக்கேன்!”

தங்கத்தாயை யாரும் சந்தேகப்படவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். உப்புக்காற்றின் மேல் போட்டதுபோல இதையும் ஆபீஸ் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஈவாஞ்சலின் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி, அவிய அனுப்பிட்டாவ. என் போனுதான் தின்னுட்டு. ஒரு மாசமா சுட்டுது, நான் உப்புக்காத்துன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

ஹென்றி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை அவரோடு தங்கத்தாயும் ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். ஈவாஞ்சலின் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவள் அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அதுதான் தங்கத்தாய்க்கு அதிகமாக வலிக்கிறது.

தன் நம்பரிலிருந்து பத்திரிகை போன அறுபத்திரண்டு பேரையும் அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். பதினொரு பேர் ஏற்கெனவே அதைத் தொட்டிருந்தார்கள். பதினொரு பேரும் போன் சுடுகிறது என்றுதான் சொன்னார்கள்.

படித்தவர்கள் இந்தக் கதையை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பைலாக அனுப்ப வேண்டாம், வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது, “உன் போன் சுடுதா?” என்று அவர்களையும் கேளுங்கள்.