சென்னிமலை பெயரில் முப்பத்தேழு வரிகள்

திரிபுரசுந்தரி உருப்பெருக்கிக் கண்ணாடியை வரிமேல் வைத்து, ஆட்காட்டி விரலை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டு வந்தாள். மூன்று வரிகளோடு சேகரன் என்ற பெயர் முடிந்துவிட்டது. கண்ணாடியை முந்தானையில் துடைத்துவிட்டு மீண்டும் மேலே போனாள். மூன்றுதான்.

"எத்தனைங் மேடம்?" என்று கதவருகே நின்றிருந்த சேகரன் கேட்டார்.

"மூணு சார்."

"எழுபதுலருந்து எழுபத்தஞ்சு வரைக்குமா?"

"எல்லா வால்யூமும் பாத்தாச்சு. ரெண்டு தடவை."

சேகரன் சிரித்தார். "எங்கூருக்கு பஸ்ஸே ஒரு நாளைக்கு நாலு தடவை வருதுங்க" என்றார். தன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

மைசூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் திரிபுரசுந்தரி டைப்பிஸ்ட். 1976 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை பதவி உயர்வுப் படிவத்தில் புதிதாகப் பதினான்காம் கட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தது. ஒருவருடைய கட்டுரையை உலகத்தில் வேறு எத்தனை கட்டுரைகள் ஆதாரமாகக் காட்டியிருக்கின்றன என்று அதில் எழுத வேண்டும். தன்னைத் தானே காட்டிக்கொண்டது சேராது. பத்துக்குக் குறைந்தால் தேர்வுக் குழு நேரில் கூப்பிடாது. யார் யாரை எங்கே காட்டினார்கள் என்பதை அமெரிக்காவில் பெரிய தொகுதிகளாக அச்சிட்டு அனுப்பினார்கள். எறும்பு எழுத்து. எண்ணுகிற வேலை அவளுக்கு வந்தது.

பதினேழு பேருக்கு எண்ணி முடித்திருந்தாள். கடைசி சேகரன். தானியங்களில் பூஞ்சை பிடிப்பது அவருடைய துறை. இரண்டு முறை பதவி உயர்வு தவறிப்போயிருந்தது. மூன்றாம் முறையும் தவறினால் பிறகு கூப்பிடுவதில்லை என்பது விதி. குழு மறுநாள் காலை கூடுகிறது.

அவள் அப்பா அசோகபுரம் ரயில்வே பட்டறையில் குமாஸ்தாவாக இருந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, இருபதாவது வயதில் நிலையத்தில் சேர்ந்தாள். விஞ்ஞானம் தெரியாது. ஆனால் ஆதாரப் பட்டியலில் எந்தப் பத்திரிகைக்கு ஆண்டை அடைப்புக்குள் போட வேண்டும், எதற்குத் தொகுதி எண்ணின் கீழே கோடு இழுக்க வேண்டும், எது முற்றுப்புள்ளி கேட்கும், எது காற்புள்ளி கேட்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டு பத்திரிகைகளின் வழக்கத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். டாக்டர் பட்டம் பெற்றவர்கள் அவள் மேஜைக்கு வந்து, "இவன் கமா கேப்பானா மேடம்?" என்று நின்றார்கள். வெள்ளைக்காரர்களின் பெயர்களைத் திருப்பிப் போடுவது தினசரி வேலை. கடைசிப் பெயர் முன்னால், மற்றது முதலெழுத்தாகப் பின்னால்.

வீட்டில் சமையல் குறிப்பு நோட்டிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. புளிக்காய்ச்சல்: விசாலாக்ஷி, ஸ்ரீரங்கப்பட்டணம், 1958. வெந்தயம் குறைத்தது: அன்னபூர்ணி, 1963. கணவர் வெங்கடசுப்ரமணியன் அதைப் படித்துவிட்டு, "ரசத்துக்கு யார் சாட்சின்னு போடலையே, கோர்ட்ல நிக்குமா?" என்பார்.

மத்தியானம் வேறொருவருடைய கட்டுரை தட்டச்சுக்கு வந்தது. ஆதாரப் பட்டியலில் ஏழாவது பெயரை அடித்தபோது விரல் நின்றது. சென்னிமலை, எஸ்., 1970. நிலத்தடிக் குழிகளில் சேமித்த ராகியில் பூஞ்சை.

அந்தக் கட்டுரையை அவள்தான் தட்டியிருந்தாள்.

எழுந்துபோய் அதே தொகுதிகளை மீண்டும் இறக்கினாள். இந்த முறை வேறு எழுத்தில் திறந்தாள். சென்னிமலை எஸ். என்ற பெயரின் கீழே வரிகள் போய்க்கொண்டே இருந்தன. சூடான், நைஜீரியா, மெக்ஸிகோ. மண்ணுக்குள் தானியம் வைக்கிற தேசங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. முப்பத்தேழு வரிகள்.

1969இல் அந்தக் கட்டுரையை ஏற்ற வெளிநாட்டுப் பத்திரிகை முதலெழுத்துகளை ஏற்பதில்லை என்றும் பெயர்களை முழுமையாகத் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தது. சேகரன் தங்கை கல்யாணத்துக்குத் தன் ஊரான ராமாபுரம் போயிருந்தார். அன்றைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். பணிப் பதிவேட்டை வாங்கி, தகப்பனார் பெயர் பார்த்து, சேகரன் சென்னிமலை என்று அடித்து அனுப்பினாள். முதலெழுத்தை விரித்து எழுதியதாக மட்டுமே அவளுக்குத் தோன்றியது. அங்கே கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர். ஊரில் உள்ள வெள்ளைக்காரன் பெயரையெல்லாம் தினமும் திருப்பிப் போட்டவளுக்கு, இந்தப் பெயரை அவர்களும் திருப்புவார்கள் என்பது தோன்றவில்லை.

சேகரனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் கண்ணாடியை வாங்கி வரி வரியாகப் பார்த்தார்.

"நான் பண்ணின தப்பு சார். உங்களைக் கேக்காம போட்டுட்டேன்."

"அச்சாகி வந்தப்ப நானுந்தானுங்க பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தோணலை. அப்பன் பேரும் சேர்ந்து வந்துருக்குதேன்னு ஊருக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். எங்கடா என் பேருன்னு கேட்டாரு. விரலை வெச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"சின்னதா இருக்குதேன்னாரு." கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "கைநாட்டுங்க அவரு. ஆனா குழி அவரு வெட்டுனதுதான். ராகி அவரோடது. நான் பூஞ்சையைத்தான் எண்ணினேன். அவரு பேர்லயே இருந்துட்டுப் போகட்டும், விடுங்க மேடம்."

"இருந்துட்டுப் போகட்டும்னா? நாளைக்குக் காலம்பற கமிட்டி."

"ரெண்டு தடவை பழகிருச்சுங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் தொகுதியைத் தூக்கிக்கொண்டு நிர்வாக அதிகாரி அறைக்கு நடந்தாள். சேகரன் பின்னால் வந்தார்.

அதிகாரி மல்லப்பனுக்குத் தமிழ் வரும். பேசும்போது பாதியில் கன்னடத்துக்குப் போய்விடுவார். இரண்டு பெயர்களையும் பார்த்தார்.

"அப்பாவோட லெக்கத்தைக் கொண்டுவந்து மகனுக்குச் சேர்க்க ரூல் எல்லிதே அம்மா? எந்த ரூல், காட்டு."

"அப்பா கணக்கு இல்லை சார். ரெண்டும் இவரேதான்."

"நீ சொல்ற, நான் நம்பறேன். கமிட்டி நம்பணுமே. இவரு கோர்ட்ல அஃபிடவிட் பண்ணட்டும், எனக்கு என் அப்பா பேரும் உண்டுன்னு."

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம்."

"கமிட்டி நாளைக்கு."

மல்லப்பன் பேனாவை மூடினார். "இன்னொரு வழி இதே, இருக்கு. டைப் பண்ணினவங்க, இது என் தப்புன்னு கையெழுத்துப் போட்டு லெட்டர் கொடுத்தா, ஃபைல்ல வெக்கலாம். கொடுத்தா நான் மெமோ கொடுக்கணும். தப்புன்னு எழுத்துல வந்தப்புறம் சும்மா இருந்தா ஆடிட்காரன் என்னைக் கேப்பான்." அவளைப் பார்த்தார். "இருபத்து மூணு வருஷத்துல உனக்கு ஒரு மெமோ இல்ல. ஸ்வல்ப யோசனை பண்ணும்மா."

அது உண்மை. நிலையத்தில் எல்லோருக்கும் போகிற மெமோக்களை அவள்தான் தட்டினாள். அவளுடைய கோப்பில் ஒன்றும் கிடையாது. அடுத்த ஆண்டு சீனியர் டைப்பிஸ்ட் இடம் காலியாகும்போது பார்க்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.

"அவங்க எழுத வேண்டாங்க. ப்ரூஃப்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் தப்புன்னு நான் எழுதறேன்" என்றார் சேகரன்.

"நீங்க எழுதினா உங்களுக்காக நீங்களே சொல்லிக்கிற மாதிரி சார். நிக்காது" என்றாள்.

தன் மேஜைக்கு வந்து தாளைச் செருகினாள். ஆறு வரிகளில் கடிதம் முடிந்தது. யார், எப்போது, எந்தப் பத்திரிகை, தொகுதி, பக்கம். கடைசியில் அந்தத் தவறு தன்னுடையது என்றும் ஆசிரியரைக் கேட்காமல் செய்தது என்றும் எழுதினாள். பிறகு முப்பத்தேழு வரிகளையும் தனித்தாளில் தட்டினாள். நான்கு வரிகளில் காட்டியிருந்தது சேகரனே; அவர் தன் பெயரில் கொடுத்ததையும் பத்திரிகைகள் அச்சில் இருந்தபடி சென்னிமலை என்று திருத்தியிருந்தன. தந்தை பெயரில் இருப்பதால் அது வேறு ஆள் காட்டியதுபோல இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நான்கின் மேல் கோடு போட்டாள். மீதி முப்பத்து மூன்று, அதோடு பழைய மூன்று.

மல்லப்பன் வாங்கிப் படித்தார். "நாலு அடிச்சிட்டியே? விட்டிருந்தா நாப்பது."

"அது சேராது சார்."

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். வெங்கடசுப்ரமணியன் பேப்பரை மடித்து வைத்தார்.

"சீனியர் போஸ்ட் போச்சா அப்போ?"

"தெரியலை. போகலாம்."

"அந்த மனுஷனுக்குக் கிடைக்குமா?"

"அதுவும் தெரியலை."

"நல்லா இருக்கு." மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டு, "அந்தச் சமையல் நோட்டுல என் பேரு எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க என்ன பண்ணினேள், போடறதுக்கு?"

"குறை சொல்லியிருக்கேனே, பதினெட்டு வருஷமா."

அவள் சிரித்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் குழு பத்தரைக்குக் கூடியது. சேகரனைப் பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு நிமிஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, ராகிக் குழியைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றார். மூன்று மணிக்கு மல்லப்பன் இரண்டு கைப்பிரதிகளை அவள் மேஜையில் வைத்தார். ஒன்று, குழு பரிந்துரைத்த ஐந்து பேரின் பட்டியல். சேகரன் பெயர் நான்காவது. இன்னொன்று, கவனக்குறைவுக்காகத் திரிபுரசுந்தரிக்கு மெமோ. அவள் பட்டியலை முதலில் தட்டினாள். பிறகு மெமோவுக்குக் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தாள். மல்லப்பன் தேதி போட மறந்திருந்தார். தேதி போட்டாள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றைத் தன் கோப்பில் சேர்த்தாள். நோட்டைத் திறந்து, அந்தப் பத்திரிகையின் பெயருக்கு எதிரே, பெயரைக் கேட்டுப் போடவும் என்று எழுதினாள். ரிப்பன் மங்கியிருந்தது. ஐந்தரைக்கு மண்டி மொஹல்லாவில் இறங்கி, ஒரு ரிப்பன் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.