மடிப்புக் கலையாத முதலாளி

என் அக்கா, அஸீஸா ராத்தாவைக் கட்டிய பக்கீர் முகைதீன் மச்சான் கல்முனையில் அரிசி ஆலை வைத்திருந்தார். ஆலைக்காரன் என்றால் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். தலையில் உமி, புருவத்தில் தவிடு, காலையில் உடுத்த சாறன் பகல் சாப்பாட்டுக்குள் சாம்பல் நிறம். அதே ஆலையில் பங்காளியாக இருந்த நான் அப்படித்தான் திரிந்தேன். அவரும் என்னோடு தூசுக்குள் நிற்பார். ஆனால் புதிய வியாபாரி யாராவது வருகிறான் என்று காதில் விழுந்தால் போதும், கிணற்றடிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது வெள்ளை முழுக்கைச் சேர்ட், கறுப்புக் களிசான், பளபளக்கும் சப்பாத்து. அத்தர் வாசம் அவருக்கு முன்னால் வரும். அவ்வளவு சுருக்காக அந்த மனிதர் எப்படி மாறுவார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“முதல் பார்வை ஒருக்காத்தான் கிடைக்கும் மச்சான்” என்பார். “அரிசியப் பிறகுதான் பார்ப்பான். முதல்ல நம்மளத்தான் பார்ப்பான்.”

பஸாரில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. பலசரக்குக் கடைக் கச்சிமுகம்மது காக்கா, “என்ன, மந்திரி வாராரோ?” என்று வீதிக்குக் கேட்கக் கத்துவார். நானும் என் பங்குக்கு நன்றாகவே கேலி செய்தேன். ஆனால் நாட்டில் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றிருந்த அந்த வருசம், ஊரே கசங்கிய உடுப்போடு வரிசையில் நின்றபோது, சிரட்டைக்கரி போட்டு ஸ்திரிக்கை பிடித்த சேர்ட்டோடு இவரும் அதே வரிசையில் நின்றார். வெயிலில் அரை நாள் நின்றும் அந்த மடிப்புக் கலையவில்லை. பொய் சொல்லவில்லை, நான் மலைத்துப்போனேன்.

போன வருசம் ஆலைக்குக் கெட்ட காலம் வந்தது. வெளியூர்ப் பெரிய ஆலைகளின் அரிசி அழகழகான பைகளில் எங்கள் கடைத்தெருவுக்கே வந்து இறங்கியது. ஒரு பெரிய வாடிக்கை கிடைக்காவிட்டால் அந்தப் போகத்தோடு ஆலையைப் பூட்ட வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. அந்த நேரம்தான் அறுகம்பேயில் புதிதாக எழும்பிய ஹொட்டல் ஒன்று சிவப்பரிசி தேடுவதாகத் தகவல் வந்தது. கொழும்பிலிருந்து மனேஜர் ஒருநாள் மட்டும் வந்து ஆலைக்காரர்களைச் சந்திப்பாராம். அது சரிவந்தால் ஆலை தப்பும்.

வேனை நான் ஓட்டினேன். மச்சான் பக்கத்து ஆசனத்தில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தபடி இருந்தார், சேர்ட் கசங்கிவிடுமாம். அக்கரைப்பற்று கழிந்தது, ஆலையடிவேம்பு கழிந்தது, மனிதர் சாயவே இல்லை. அறுவடைக் காலம். திருக்கோவில் தாண்டியதும் தார் வீதியின் ஒரு பக்கம் நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது.

கடல் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. வயதான ஒரு மனிசனும் மனிசியும் தனியே நின்று நெல்லை வழித்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கூட்டிய குவியல் சின்னது. கூட்டாத நெல்லோ வீதி வளைவு வரை கிடந்தது.

“வேன நிப்பாட்டு” என்றார் மச்சான்.

“மச்சான், உடுப்பு! நேரமும் போகுது!”

“நெல்லு நனையப்போகுது, நீ உடுப்பக் கதைக்காய். நிப்பாட்டு!”

சக்கரம் நிற்குமுன்பே அவர் இறங்கிவிட்டார். ஸ்திரிக்கை மடிப்போடு அந்தக் களிசான் தரையில் முழங்கால் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கையாலும் வாரி வாரிச் சாக்கில் போட்டார். வெட்கம் வந்து நானும் இறங்கினேன். நாலு பேரும் சேர்ந்து அள்ளி, வேனிலிருந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நெல் தப்பியது. மச்சானைப் பார்க்கச் சகிக்கவில்லை. சேர்ட்டில் சேறு, தாடியில் பதரும் சண்டும், நெற்சுணை பட்டு மேலெல்லாம் கடி.

அந்த மனிசனின் பெயர் அழகரெத்தினம். மனைவி தங்கரத்தினம். வீடு வீதியோரமாகவே இருந்தது. மச்சான் கிணற்றில் குளித்துவிட்டுச் சாக்கைப் போர்த்துக்கொண்டு நின்றார். போகிற அலுவலைச் சொன்னதும் தங்கரத்தினம் அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, கரைபோட்ட புது வேட்டி ஒன்றையும் சேர்ட்டையும் கொண்டுவந்தார்.

“மகள் சுலக்சனாட கலியாணம் வாற மாசம். இவர் உடுக்கிறதுக்கெண்டு வாங்கினது. இன்னும் மடிப்புக்கூடப் பிரிக்கல்ல. உடுங்க தம்பி.”

“ஐயோ அக்கா, கலியாண உடுப்பு. வேணாம்.”

“எங்கட நெல்லு நனையாமக் கிடக்கு, நீங்க நனைஞ்சு நிக்கிறீங்க” என்றார் அழகரெத்தினம் அண்ணன். “உடுங்க.”

எங்கள் கரையில் முஸ்லிம் ஆண்கள் சாறன்தான் உடுப்பது. வேட்டி, தமிழ் ஆட்களின் உடுப்பு. உடுப்பைப் பார்த்தே ஆளை மட்டுக்கட்டுகிற இடம் இது. மச்சானுக்கு வேட்டி கட்டவே தெரியாது. ஒருவழியாகச் சுற்றி, மேலே தன்னுடைய தோல் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டார். அழகரெத்தினம் அண்ணன் ஒல்லி மனிதர். சேர்ட்டின் கீழ்ப் பொத்தான் இரண்டும் எட்டவில்லை. புது வேட்டியோடு வாசல் தாண்டுகிறவருக்குத் திருநீறு பூசுகிற பழக்கத்தில் அக்காவின் கை மாடத்துக்குப் போய், பாதியில் நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அறுகம்பே ஹொட்டலில் மற்ற ஆலைக்காரர்கள் டை கட்டி இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் மனேஜர் மச்சானை மேலிருந்து கீழே பார்த்தார். ஈரச் சப்பாத்து, பெல்ட் பூட்டிய வேட்டி, வாய் பிளந்த சேர்ட். ஆனாலும் கெட்ட மனிதர் இல்லை, இருக்கச் சொல்லித் தேத்தண்ணியும் எடுப்பித்தார்.

“மழையில மாட்டிட்டீங்க போல. உடுப்பெல்லாம்…” என்று இழுத்தார்.

இதுதான் சமயம், நடந்ததைச் சொன்னால் அவர் மனம் இளகும் என்று நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே மச்சான் என் காலை மிதித்தார்.

“இல்ல சேர்” என்றார். “இது நல்ல உடுப்பு.”

எந்த உடுப்பிலும் அவர் அவ்வளவு நிமிர்ந்து இருந்ததை நான் கண்டதில்லை. மனேஜர் எங்கள் மாதிரிப் பையிலிருந்த அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். நல்ல அரிசி என்றார். பிறகு, “எங்களோட வேலை செய்றவங்க எல்லாத்திலயும் ஒரு நீட், ஒரு ஒழுங்கு இருக்கணும், குறை நினைக்காதீங்க” என்று பையைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரு சொல்லு சொல்லியிருந்தா ஆலை தப்பியிருக்குமே! வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?”

“அந்தப் பிள்ளைட கலியாணத்துக்கெண்டு வெச்ச வேட்டி மச்சான்” என்றார். “அத உடுத்திட்டு வந்து, இந்த உடுப்ப மன்னிச்சிருங்க எண்டு கேக்கச் சொல்றியா?”

நான் ஏறி வேனைத் திருப்பினேன்.

திரும்பும் வழியில் அந்த வீட்டில் இறங்கினோம். தங்கரத்தினம் அக்கா மச்சானின் உடுப்பைத் துவைத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்திருந்தார். மச்சான் முகம் கழுவி, தலை வாரி, கைப்பொத்தான்வரை பூட்டிக்கொண்டுதான் அவர்கள் முன்னால் வந்து இருந்தார்.

“போன அலுவல் எப்பிடித் தம்பி?”

“நல்லாக் கதைச்சாங்க அக்கா. கதிரை தந்து, தேத்தண்ணியும் தந்தாங்க. அரிசியும் நல்லமாம்.”

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் சொன்னன்தானே! புது வேட்டிட ராசி!”

மச்சான் வேட்டியை அழகாக மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் கலியாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. அழகரெத்தினம் அண்ணன் அந்த வேட்டியோடு பந்தலில் நின்றார். மச்சான் வெள்ளைச் சேர்ட்டில் உள்ளே நுழைந்தபோது சனம் விலகி வழிவிட்டது. அண்ணன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“இவர்தான் அறுகம்பே ஹொட்டலுக்கு அரிசி குடுக்கிற முதலாளி. அண்டைக்கு இந்த வேட்டிய உடுத்திட்டுப் போய்த்தான் அந்த ஓடர எடுத்தவர்!”

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மச்சான் ஒருவர் விடாமல் கை கொடுத்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“அண்ணன்ட வேட்டிய உடுத்தது எனக்குப் பெரிய மரியாதை” என்று மட்டும் சொன்னார்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் ஆலையை விற்று, திறப்புச் சாவியை வாங்கினவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அந்தப் பந்தலில் வேறு ஒருவருக்கும் தெரியாது.